ஆலை இருந்த சாலையில் இரவுச் சாப்பாடு

தில்லியின் மேற்குப் பக்கத்தில் பழைய ஆட்கள் நஜஃப்கர் சாலை என்று சொல்லும் சாலைக்கு, மோதி நகரை ஒட்டிய பகுதியில் இன்றைய பெயர் சிவாஜி மார்க். இருட்டத் தொடங்கியதும் இது சாப்பாட்டுச் சாலையாகிவிடும். ஓரங்களில் சோலே குல்ச்சா வண்டிகள், மோமோ வேகும் அடுக்குப் பாத்திரங்கள், தந்தூர் அடுப்பில் கோழி சுடும் கடைகள். சற்று உள்ளே போனால் கண்ணாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் காபிக் கடைகளும் குளிரூட்டிய உணவகங்களும். கல்யாணக் காலமென்றால் விருந்து மண்டபங்களின் வாசலில் பேண்டு வாத்தியமும் அலங்கரித்த குதிரையும் நிற்கும். பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபை விட்டு வந்தவர்கள் பெருமளவில் குடியேறிய வட்டாரம் இது. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவது இங்கே பழைய பழக்கம்.

இதே சாலையில் 1985 டிசம்பர் 4 அன்று, ஸ்ரீராம் ஃபுட்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையில் ஒரு தொட்டியைத் தாங்கியிருந்த கட்டுமானம் சரிந்தது. தொட்டி உடைந்து ஓலியம் வெளியேறியது. ஓலியம் என்பது கந்தக மூவாக்சைடு செறிந்த கந்தக அமிலம். காற்றின் ஈரம் பட்டதும் அமிலப் பனியாகப் படரும். ஆலைத் தொழிலாளர்களும் வெளியே இருந்தவர்களும் மூச்சுத் திணறினார்கள். தீஸ் ஹஜாரி நீதிமன்றத்தில் தொழில் செய்துவந்த வழக்கறிஞர் ஒருவர் இதனால் இறந்தார் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. போபால் விஷவாயுக் கசிவு நடந்து சரியாக ஓராண்டு முடிந்திருந்த நேரம் அது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, ஒரு குழாய் இணைப்பிலிருந்து மீண்டும் சிறிய கசிவு.

இந்தியச் சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் இந்தக் கசிவு குறித்த வழக்கு தெரியும். இந்தச் சாலையில் இரவு சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. சாப்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஊரே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. ஆலையை அகற்றியது சரி. ஆலையோடு சேர்த்து அதில் உழைத்தவர்களின் வரலாற்றையும் அவர்களுக்கு இருந்த உரிமைகளையும் இந்த நகரம் மண்ணுக்குள் தள்ளியது. அது தேவையே இல்லாமல் நடந்தது.

தில்லியை நாம் அரசாங்க நகரமாகத்தான் நினைக்கிறோம். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறும் என்று 1911இல் அறிவிக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது ஆலை நகரமாகத் தொடங்கிவிட்டது. தில்லி கிளாத் மில்ஸ் (டி.சி.எம்.) 1889இல் பாரா ஹிந்து ராவ் பகுதியில் நிறுவப்பட்டது. லாலா ஸ்ரீராம் 1909இல் அதில் சேர்ந்து, அடுத்த அரை நூற்றாண்டில் துணியோடு சர்க்கரை, ரசாயனம், உரம் என்று அதை விரித்தார். சப்ஜி மண்டிப் பக்கம் பிர்லா ஆலையும் கணேஷ் ஃபிளவர் மில்ஸும் வளர்ந்தன. ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, லேடி ஸ்ரீராம் கல்லூரி என்ற பெயர்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் பழக்கம். அந்தக் கல்லூரிகளின் பின்னால் இருந்தது நெசவும் அமிலமும் உரமும் தந்த பணம்.

நகரத்துக்குள் இடம் போதாதபோது ஆலைகள் மேற்கே நகர்ந்தன. நஜஃப்கர் சாலையில் நிலம் மலிவு, ரயில் பாதை பக்கம், கழிவுநீரைத் தள்ள நஜஃப்கர் வடிகால் அருகில். நாற்பதுகளில் டி.சி.எம். குழுமத்தின் ரசாயன ஆலை இங்கே வந்தது. சுதந்திரத்துக்குப் பின் சுதந்திர பாரத மில் எழுந்தது. கரம்புராவில் தொழிலாளர் குடியிருப்பு, பசாய் தாராபூரில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு மருத்துவமனை, மோதி நகரிலும் கீர்த்தி நகரிலும் பட்டறைகள் என்று ஒரு தொழில் வட்டாரம் முழுமையாக உருவானது.

கசிவு நடந்த டி.சி.எம். குழும ஸ்ரீராம் ஆலை வளாகத்தில் என்ன தயாரானது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பட்டியல் தருகிறது: காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமிலம், சலவைத்தூள், சூப்பர் பாஸ்பேட், கந்தக அமிலம், சோப்பு, வனஸ்பதி. சுமார் 76 ஏக்கரில் எல்லாம் ஒரே வளாகம். அமிலமும் சமையல் கொழுப்பும் எப்படி ஒரே மதிலுக்குள் வந்தன என்று முதலில் படிக்கும் எவருக்கும் திகைப்பு வரும். காரணம் எளிய வேதியியல். உப்புநீரில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். கூடவே ஹைட்ரஜனும் கிடைக்கும். தாவர எண்ணெயை நெய்போலக் கெட்டியாக்க ஹைட்ரஜன் வேண்டும். எண்ணெயைச் சுத்திகரிக்கவும் சோப்பு காய்ச்சவும் காஸ்டிக் சோடா வேண்டும். மிஞ்சிய குளோரின் சலவைத்தூளாகும், அமிலமாகும். ஓர் ஆலையில் வெளிவருவது இன்னோர் ஆலைக்கு மூலப்பொருள்.

ஆக, இந்த வட்டாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு உணவகங்களோடு தொடங்கவில்லை. நம் ஊரில் டால்டா என்ற பெயரிலேயே வனஸ்பதி முழுவதையும் சொல்லிவிடுவோம். வடக்கே டி.சி.எம். நிறுவனத்தின் ‘ரத்’ வனஸ்பதியும் அதே அளவு வீடுதோறும் தெரிந்த பெயர். நெய் வாங்க முடியாத குடும்பங்களும் மலிவான உணவுக் கடைகளும் இனிப்புக் கடைகளும் வனஸ்பதியில்தான் பொரித்தன. அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பது பிறகு உறுதியானது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் நிறுத்தியிருக்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். ஆனால் தில்லி ஏழைகளின் பல தலைமுறைப் பண்டிகைப் பலகாரத்தில் அந்தக் கொழுப்பு இருந்தது என்பது வரலாறு.

தண்ணீரின் கதை இன்னும் நெருக்கமானது. கசிவுக்குப் பின் ஆலையை நிரந்தரமாக மூடலாமா என்ற விவாதத்தில், தில்லியின் குடிநீர் நிறுவனம் தனக்கு வேண்டிய குளோரினை இந்த ஆலையிடமிருந்தே வாங்குகிறது என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. மூடினால் தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டும். தில்லி வீடுகளும் ஓட்டல்களும் குடித்த குழாய்த் தண்ணீரைச் சுத்தமாக்கிய குளோரின், இரண்டு லட்சம் பேர் மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்குள் வாழ்ந்த இடத்தின் நடுவே தயாராகியிருக்கிறது. காஸ்டிக் குளோரின் ஆலை தொடங்கியது 1949இல். அதில் மட்டும் சுமார் 263 பேர் வேலை பார்த்தார்கள். அதை மூடினால் அதைச் சார்ந்த பிரிவுகளோடு சேர்த்து 4,000 பேர் வேலை இழப்பார்கள் என்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நகரத்தின் தேவை, நகரத்தின் ஆபத்து, தொழிலாளியின் பிழைப்பு மூன்றும் ஒரே முடிச்சில் இருந்தன.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா இந்த ஆலைக்கு எதிராகப் பொதுநல மனுவைக் கசிவுக்கு முன்பே தாக்கல் செய்திருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆபத்து யாருக்கும் தெரியாமல் வரவில்லை. 1986 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் கடும் நிபந்தனைகளுடன் ஆலையைத் திறக்க அனுமதித்தது. அவற்றில் ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். குளோரின் மனித உடலை என்ன செய்யும், பட்டால் உடனே என்ன சிகிச்சை தர வேண்டும் என்பதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஆலையின் ஒவ்வொரு பிரிவிலும் வாசலிலும் மாட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவில் போகிறவனுக்கும் சொல்லப்பட வேண்டும் என்ற எண்ணம் அந்த வரியில் இருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று, தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு ‘முழுப் பொறுப்பு’ என்ற கோட்பாட்டை வகுத்தது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், கவனமாக இருந்தேன், என் தவறில்லை என்று சொல்லித் தப்ப முடியாது; கேடு விளைந்தால் ஈடு தந்தே ஆக வேண்டும். நிறுவனம் எவ்வளவு பெரிதோ ஈடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். 1868இல் இங்கிலாந்தில் உருவான பழைய விதி அனுமதித்த விலக்குகள் எதையும் இந்தியா ஏற்கவில்லை. உலகச் சட்ட வரலாற்றில் மோதி நகர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் பெயர் இப்படித்தான் ஏறியது.

பத்தாண்டு கழித்து வந்தது பெரிய வெட்டு. எம்.சி. மேத்தாவின் இன்னொரு வழக்கில் 1996 ஜூலை 8 அன்று, தில்லியின் 168 அபாயகரமான, கேடு விளைவிக்கும் ஆலைகள் நவம்பர் 30க்குள் நகரத்தில் இயங்குவதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சுதந்திர பாரத மில், பிர்லா ஆலை என்று பல தலைமுறைகளின் பெயர்கள் அந்த நடவடிக்கையில் முடிவுக்கு வந்தன. நிலத்தை என்ன செய்வது என்பதை அதே ஆண்டு மே 10 ஆணை முடிவு செய்திருந்தது. பெரிய மனைகளில் ஒரு பகுதியைப் பசுமைக்கும் பொதுத் தேவைக்கும் தில்லி வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும். மீதியை உரிமையாளர் கட்டிக்கொள்ளலாம். 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் 68 சதவீதம் பொதுவுக்கு, 32 சதவீதம் உரிமையாளருக்கு. ஈடாக அவருடைய பங்கில் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கட்டடப் பரப்பு அனுமதிக்கப்பட்டது.

நிலத்துக்கு இவ்வளவு துல்லியமான சூத்திரம். தொழிலாளிக்கு? ஆலையோடு இடம்பெயர விரும்பாதவருக்கு ஓராண்டு ஊதியம். வேறிடத்தில் நிறுவாமல் ஆலையையே மூடிவிட்டால் ஆறு ஆண்டு ஊதியம் என்று 1996 டிசம்பரில் திருத்தப்பட்டது. ஓராண்டுக்கும் ஆறாண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கதி அடங்கியிருந்தது. இடம்பெயர்கிறோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டால், வயதான தொழிலாளி குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளிமாநிலம் போக வேண்டும், இல்லையேல் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு ஒதுங்க வேண்டும். பதிவேட்டில் பெயரே ஏறாத ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காட்ட எந்தக் காகிதமும் இல்லை. தில்லி ஜனவாதி அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 1997இல் இதையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டது. ஒரு நகரத்தையே வீழ்த்திய ஆணை என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பு மிகை என்று சிலர் சொல்வார்கள்; ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்தவனிலிருந்து கரம்புராவில் வாடகைக்கு இருந்தவன் வரை யாருடைய கணக்கும் ஆணையில் இல்லை என்பதைப் பார்த்தால் எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

பிறகு நிலம் கைமாறியது. 2007இல் டி.எல்.எஃப். நிறுவனம் டி.சி.எம். ஸ்ரீராமிடமிருந்து இங்கே 38 ஏக்கரை 1,675 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள், அலுவலகக் கோபுரங்கள், அவற்றின் கீழே கடைகளும் உணவகங்களும் எழுந்தன. பெரிய ஆலைகளுக்கு வெளியே இருந்த பட்டறைகளை மாற்றியது வேறொரு விதி. தில்லியின் 2021ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம், 24 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள சாலையை ஒட்டிய தொழில் மனைகளைக் கட்டணம் செலுத்தி வணிக மனைகளாக மாற்ற வழி செய்தது. தொழிற்பேட்டைகளில் விருந்து மண்டபங்களையும் அனுமதித்தது. லேத் ஓடிய கூடத்துக்கு உயரமான கூரை, நடுவில் தூணில்லாத அகலம், லாரி வந்து நிற்கும் முற்றம் எல்லாம் உண்டு. ஆயிரம் பேருக்கு விருந்து வைக்க வேறென்ன வேண்டும்? மேற்கு தில்லியின் கல்யாண மண்டபப் பெருக்கம் இப்படித்தான் நடந்தது.

தெற்கு தில்லியின் சத்தர்பூரில் ‘தான் மில்’ என்றொரு வளாகம் இருக்கிறது. தானியக் கிடங்காக இருந்தது. இன்று காபிக் கடைகளும் உணவகங்களும் துணிக்கடைகளும் கலைக்கூடங்களும் நிறைந்த இடம். அங்கே மில் என்ற பெயரே வாடிக்கையாளரை இழுக்கிறது. தகரக் கூரையையும் பூசாத செங்கல்லையும் பார்க்கவே வருகிறார்கள். அப்படியானால் ஆலையின் நினைவு வணிகத்துக்குத் தடையில்லை. நெல் மூட்டை அடுக்கிய கடந்தகாலம் அழகாக இருக்கிறது, அமிலமும் வேலைநீக்கமும் கொண்ட கடந்தகாலம் அப்படி இல்லை. எதை நினைவில் வைப்பது என்பதை அழகு தீர்மானிக்கும்போது, மோதி நகர் போன்ற இடங்கள் எப்போதும் தோற்றுவிடும்.

அகற்றப்பட்ட தொழில் எங்கே போனது? ஒரு பகுதி வெளிமாநிலங்களுக்கு; ஒரு பகுதி நகரத்தின் வடமேற்கு ஓரமான பவானாவுக்கும் நரேலாவுக்கும். இரண்டு தீ விபத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். 2017 டிசம்பர் 29 அதிகாலை, மும்பையின் லோயர் பரேலில் பழைய கமலா மில் வளாகத்து மாடி உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து, 2018 ஜனவரி 20 அன்று, பவானா தொழிற்பேட்டையில் பட்டாசு அடைத்துவைத்த ஒரு கட்டடத்தில் தீப்பிடித்து 17 தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் பெண்கள். முதல் செய்தி நாடு முழுவதும் பல வாரம் பேசப்பட்டது. இரண்டாவதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள். ஆலை போன இடத்தில் உணவகம் வந்தது, ஆலை போய்ச் சேர்ந்த இடத்தில் கண்காணிப்பு வரவில்லை. இரண்டு இடத்திலும் வெளியேறும் வழி போதவில்லை.

தமிழர்களுக்கு இந்த நரேலா அந்நியமான பெயர் இல்லை. தில்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி முகாம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகள் நரேலாவில். தில்லியின் வீடுகளில் பாத்திரம் கழுவியும் சமைத்தும் பிழைத்த தமிழ்ப் பெண்களுக்கு வேலையிடம் தெற்கிலும் வீடு வடக்கு எல்லையிலும் ஆகிப்போனது. நகரம் தனக்கு வேண்டாததை எந்தத் திசையில் தள்ளுகிறது என்பது முப்பது ஆண்டாக மாறவில்லை. சென்னைக்காரர்கள் பெரம்பூர் பின்னி ஆலையை நினைத்துக்கொள்ளலாம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். தில்லி ஆலைகள் அடைக்கப்பட்ட அதே 1996இல் பின்னி ஆலையும் மூடப்பட்டது.

இனி உணவகத்துக்குள் வருவோம், ஏனென்றால் இந்த விஷயத்தின் கூர்மையான முனை அங்கேதான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் கட்டாயம் என்று விதிக்க அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. நஜஃப்கர் சாலையில் வெளியே சாப்பிடுவதன் முதல் வடிவம் அந்த கேண்டீன்தான் என்பேன்: வீட்டுக்கு வெளியே, பலரோடு உட்கார்ந்து, சட்டம் தந்த உரிமையாக, குறைந்த விலையில் ஒரு வேளைச் சாப்பாடு. அதே சட்டத்தில் தொழிற்சாலை என்ற வரையறைக்குள் ஓட்டலும் உணவகமும் வராது என்று 1976இல் வெளிப்படையாகச் சேர்த்தார்கள். அண்மைய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தின் வரையறையிலும் அந்த விலக்கு தொடர்கிறது. நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்பங்கரையில் நெருப்பு, கொதிக்கும் எண்ணெய், வெட்டும் இயந்திரம், பன்னிரண்டு மணி நேர நிற்பு எல்லாம் இருக்கும். தொழிற்சாலை ஆய்வாளர் மட்டும் வரமாட்டார். ஆலை நின்ற மண்ணில் உணவகம் எழுந்தபோது, அந்த மண்ணில் வேலை செய்கிறவருக்கு இருந்த ஒரு சட்டப் பாதுகாப்பு சத்தமில்லாமல் அகன்றது.

ஒன்று மட்டும் அகலவில்லை. பசாய் தாராபூரின் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்திருக்கிறது. நெசவாளிக்கும் அமில ஆலைத் தொழிலாளிக்கும் கட்டியது. ஈ.எஸ்.ஐ. திட்டம் உணவகங்களுக்கும் பொருந்தும்: பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும். சிவாஜி மார்க்கின் சமையல்காரருக்கும் பரிமாறுகிறவருக்கும் அந்த மருத்துவமனையின் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது, முதலாளி அவர் பெயரைப் பதிந்திருந்தால்.

ஆலைகள் திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு லட்சம் பேர் நடுவே குளோரின் தொட்டி இருக்கக் கூடாது. ஆலையை அகற்றியதில் நீதிமன்றம் சரியாகவே செய்தது. கேட்பது இரண்டு. 1986இல் இந்த வாசலில் ஒரு பலகை மாட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். இன்று தில்லி வளர்ச்சி ஆணையமும் மாநகராட்சியும் அதே இடத்தில் இன்னொரு பலகை வைக்க வேண்டும்: இங்கே என்ன தயாரானது, எத்தனை பேர் உழைத்தார்கள், 1985 டிசம்பரில் என்ன நடந்தது, நாட்டின் சட்டம் அதனால் எப்படி மாறியது என்று இந்தியிலும் பஞ்சாபியிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும். இரண்டாவது, உணவக உரிமம் புதுப்பிக்கும்போது, தீயணைப்புச் சான்றைப் பார்ப்பதுபோல ஊழியர்களின் ஈ.எஸ்.ஐ. பதிவையும் பார்க்க வேண்டும். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: தில்லியானாலும் மும்பையானாலும் பெரம்பூரானாலும், பழைய ஆலை நிலத்தில் சாப்பிட உட்காரும்போது வெளியேறும் படிக்கட்டு எங்கே என்று விசாரியுங்கள், பரிமாறுகிறவரிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.